சனிக்கிழமைக் குளிசைகள்

என் கையெழுத்து அழகானது. பதினாறு வருடம் ஒரு பாமசியில் நின்று டொக்டர்மாரின் துண்டுகளை வாசித்தவன் என்பதால், எப்படி எழுதக்கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். நேற்று நான் சொல்லச் சொல்ல உங்களுடைய பொலிஸ்காரத் தம்பி எழுதியதை எட்டிப் பார்த்தேன். ஒரு வரி மலை ஏறுகிறது, அடுத்த வரி கடலில் இறங்குகிறது. அதனால்தான் இன்ஸ்பெக்டர் இராகுலன் ஐயா, தாளைத் தாருங்கள், நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன்.

நஸ்ரி எப்படி இறந்தான் என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டு, பதிலையும் நீங்களே சொன்னீர்கள். "உங்களுக்குக் குளிசை வித்தவன் ஏமாத்திப்போட்டான் அண்ணை. மருந்தெண்டு நினைச்சுக் குடுத்திட்டன் எண்டு எழுதுங்கோ, காணும்," என்றீர்கள். சக்கர நாற்காலியில் இருப்பவனோடு கதைக்கும்போது எல்லோரும் எடுக்கிற அந்த இரக்கக் குரலில் சொன்னீர்கள். நல்ல மனிதர் நீங்கள். ஆனால் பதினாறு வருடத்தில் ஒரு குளிசையை மாறிக் கொடுத்தேன் என்று யாரும் என்னைச் சொன்னதில்லை. அப்படி ஒரு பெயரை எனக்கு நானே எழுதி வாங்க மாட்டேன்.

என் பெயர் பாக்கியரத்தினம். வயது ஐம்பத்து நான்கு. லிங்கநகரில் இருக்கிறேன். பதினொரு வருடத்துக்கு முன்பு, பாமசியில் ஏணி வைத்து மேல்தட்டிலிருந்த இருமல் மருந்தை எடுக்கப் போய் விழுந்தேன். இடுப்புக்குக் கீழே அன்றோடு சரி. அடுத்த வருடம் மனைவி தன் தம்பியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கனடாவுக்குப் போனாள். இன்னும் பார்த்து முடியவில்லை போலும். என்னைப் போலச் சக்கர நாற்காலியில் இருக்கிற எங்கள் கூட்டத்தில் தம்பிராசா அண்ணர் ஈச்சிலம்பற்றில் ஷெல் பட்டவர். மஹ்ரூப் மூதூரில் தென்னையிலிருந்து விழுந்தவர். அவர்கள் தங்கள் கதையைச் சொல்லும்போது சனம் கண் கலங்கிக் கேட்கும். நான் இருமல் மருந்து என்றதும், சிரிப்பை அடக்க அதே சனம் படாத பாடு படும்.

நடக்கிற ஆக்களுக்கு எங்கள் விஷயம் விளங்காது, ஆகவே கொஞ்சம் சொல்கிறேன். முள்ளந்தண்டு உடைந்தவனின் கால்கள் சும்மா கிடக்கும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். கிடக்காது. திடீரென்று தாமாகவே உதைக்கும், மடங்கும், ஆளையே கதிரையிலிருந்து தள்ளி விழுத்தும். இதை நாங்கள் இழுப்பு என்கிறோம். அதற்கு ஒரு குளிசை. பிறகு, ஊசி குத்தினாலும் தெரியாத அதே கால்கள் நெருப்புப் பட்டதுபோல் எரியும். அதற்கு வேறொரு குளிசை. எங்கள் கால்கள் வேலைக்கு வருவதில்லை, முறைப்பாடு மட்டும் ஒழுங்காகத் தருகின்றன.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாட்டில் எல்லாம் இல்லாமல் போனபோது மருந்தும் இல்லாமல் போனது. கிளினிக்கில் ஒருவருக்கு ஒரு கிழமைக்குரியது கிடைக்கும், இன்னொருவர் வெறும் துண்டோடு திரும்புவார். அப்போது நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு வழக்கம் வைத்தோம். யாருக்கு எது கிடைத்தாலும் என் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு பிஸ்கட் டின்னில் போட வேண்டும். நான் ஆளுக்கு ஆள் தேவையைப் பார்த்துப் பிரித்து, சின்னக் கடதாசிப் பைகளில் பெயர் எழுதி, சனிக்கிழமை பின்னேரம் ஒரு கிழமைக்குரியதைக் கொடுப்பேன். அந்த வருடம் எங்களில் ஒருவரும் சாகவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று அவர்கள் சொன்னார்கள். நானும் மறுக்கவில்லை.

சனிக்கிழமைகளில் என் வீட்டு விறாந்தை நம்முடைய துறைமுகத்தைவிட நெரிசலாக இருக்கும். ஒரு சக்கர நாற்காலி வெளியே போனால்தான் மற்றது உள்ளே வரலாம். தேநீர் குடிப்போம், கரம் பலகையில் காய் அடிப்போம், நடக்கிற ஆக்களைப் பற்றிப் புறணி கதைப்போம். என்னை 'டொக்டர்' என்பார்கள். பகிடிக்குத்தான் சொன்னார்கள். ஆனால் ஏதும் நோவு என்றால் உண்மையான டொக்டரிடம் போகுமுன் என்னிடம்தான் கேட்டார்கள்.

பிறகு மருந்து ஒழுங்காக வரத் தொடங்கியது. எல்லோருக்கும் மாதத்துக்குரியது முழுதாகக் கிடைத்தது. எங்கள் கூட்டத்தின் ஒரே பெண்ணான லோஜினி, "இனி அவரவர் தங்கடதைத் தாங்களே வச்சிருக்கலாம்தானே அண்ணை," என்று கேட்டாள். திரும்பவும் மருந்து இல்லாமல் போனால் என்ன செய்வாய் பிள்ளை என்று கேட்டேன். டின் என்னிடமே இருந்தது.

நஸ்ரி எங்களில் இளையவன். கிண்ணியாப் பொடியன், இருபத்தெட்டு வயது. மோட்டார் சைக்கிளில் போய் லொறியோடு மோதியவன். தலைக்கு என்னென்னவோ பூசி நிமிர்த்தி வைத்திருப்பான். கறுப்புக் கண்ணாடி போடுவான். சக்கர நாற்காலியின் முதுகில் 'தூர விலகிச் செல்' என்று லொறிக்கு ஒட்டுகிற ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருந்தான். டவுனில் சின்னதாய் ஒரு கைத்தொலைபேசி திருத்தும் கடை நடத்தினான். நான் விழுந்த கதையை முதல்முதல் அவனிடம் சொன்னபோது, முகத்தைத் திருப்பாமல், சிரிப்பை அடக்காமல், "அண்ணன், ஒங்கட இருமல் சொகமாயிட்டா?" என்று கேட்டான். இந்தப் பதினொரு வருடத்தில் அப்படிக் கேட்டவன் அவன் ஒருவன்தான். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எனக்கு அவன்மேல் அன்பு வந்தது அன்றுதான். அதை நான் மறைக்கவில்லை.

அவனுக்கு எரிவு அதிகம். கிளினிக்கில் எழுதியது இரவில் ஒன்று. ஒரு நாள் பின்னேரம் கரம் அடிக்கும்போதே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். டின்னிலிருந்து இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன். அரை மணித்தியாலத்தில் முகம் மலர்ந்துவிட்டது. பாட்டெல்லாம் படித்தான். அடுத்த நாளும் வந்தான். பிறகு இரண்டு, பிறகு மூன்று. சனிக்கிழமை மட்டும் வந்தவன் ஒவ்வொரு பின்னேரமும் கடையைப் பூட்டிக்கொண்டு வந்தான். "ஒங்கட வீட்டுக்கு வந்தாத்தான் காலு எரியாம இரிக்கி," என்பான். சில நாட்களில் கதிரையிலேயே தூங்கிவிடுவான். கடையில் திருத்தக் கொடுத்தவர்கள் தேடி என் வீட்டுக்கு வந்தார்கள். ஆள் நித்திரை, நாளைக்கு வாருங்கள் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். கேட்பவனுக்குக் கொடுத்தேன், வேறொன்றுமில்லை.

இதற்கிடையில் தம்பிராசா அண்ணருக்கும் எனக்கும் கரம் பலகையில் ஒரு பிரச்சினை வந்தது. சிவப்புக் காய் விழுந்ததா விழவில்லையா என்பதுதான் விஷயம். விழவில்லை. அவர் கோபித்துக்கொண்டு, இனி இந்த வாசல்படி மிதிக்க மாட்டேன் என்றார். உங்களால் எந்த வாசல்படியையும் மிதிக்க முடியாதே அண்ணன் என்று நஸ்ரி சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள், அதுவும் அவருக்குச் சுட்டுவிட்டது. அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. மஹ்ரூப்பிடம் அவருடைய பையைக் கொடுத்து அனுப்பினேன். அதில் இழுப்புக் குளிசையைப் பாதியாகக் குறைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலையில் வந்து நின்றார். "பாக்கியம், காலிரண்டும் உதைச்சுத் தள்ளுது. எனக்கு ஏலாமல் கிடக்கு," என்றார். உள்ளே கூட்டிக்கொண்டு போய், தேநீர் கொடுத்து, முழு அளவையும் கொடுத்தேன். அன்றைக்கு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கியது எனக்கு நல்ல ஆறுதலாக இருந்தது. சிவப்புக் காய் விழவில்லை என்பதையும் அவரே ஒத்துக்கொண்டார்.

றஹ்மாவைப் பற்றி இனி எழுத வேண்டும். புல்மோட்டைப் பிள்ளை. டவுனுக்குத் தையல் வகுப்புக்கு வந்தவள், உடைந்த கைத்தொலைபேசியைத் திருத்த நஸ்ரியின் கடைக்குப் போனாள். ஒரு கண்ணாடி மாற்ற அவன் இருபது நாள் எடுத்தான். இருபது நாளும் அவள் வந்து விசாரித்தாள். இதிலிருந்து விளங்கியிருக்க வேண்டியது எனக்கு விளங்கவில்லை. அவள் வந்த பிறகு அவன் பின்னேரங்களில் கண் விழித்து இருக்க விரும்பினான். "றஹ்மா சொல்லுறா, இந்த எரிவுக் குளிச கூடிப்போச்சாம். டொக்டர்ட்டக் காட்டிக் கொஞ்சங் கொஞ்சமாக் கொறைக்கணுமாம்," என்றான். தையல் படிக்கிற பிள்ளை மருந்தும் படித்துவிட்டாளோ என்று கேட்டேன். அவன் சிரித்தான், ஆனால் எப்போதும் போலச் சிரிக்கவில்லை.

நிக்காஹ் முடிவானது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிற வழக்கம், உங்களுக்கும் தெரியும். றஹ்மாவின் வாப்பா வீட்டு முன்பக்கத்தில் அவனுக்கு ஒரு கடை கட்டி, சக்கர நாற்காலி ஏறுகிற மாதிரிச் சரிவும் வைத்துக் கொடுத்திருந்தார். நஸ்ரி அதைப் படம் எடுத்துக் கொண்டுவந்து எனக்குக் காட்டினான்.

"பாருங்க அண்ணன், என்ன சாய்வு. ஒங்கட வீட்டுச் சாய்வு மாதிரி இல்ல, நேரா முன்னுக்கே போய் விழ."

"நல்லா இருக்கு," என்றேன்.

"இனிக் கிளினிக்கையும் அங்க மாத்தப் போறன். இந்த ஒரு மாசத்துக்கு மட்டும் என்ட குளிசைய மொத்தமாத் தந்திடுங்க. அடுத்த மாசத்துல இருந்து ஒங்களுக்குக் கரைச்சல் இல்ல."

கரைச்சல் என்றான். நான்கு வருடமாக அவன் எனக்குத் தொந்தரவாக இருந்தானாம். அந்தச் சொல் எனக்கு எவ்வளவு நோவைக் கொடுத்தது என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் சிரித்துக்கொண்டே சரி என்றேன். அன்று பின்னேரம் அவன் போன பிறகு டின்னைத் திறந்தேன்.

வழக்கப்படி அவன் கிளினிக்கில் எடுத்த குளிசைகள் என் டின்னில்தான் இருந்தன. அவனுடையவை, அவன் பெயரில் வந்தவை. எரிவுக் குளிசையை அப்படியே பையில் போட்டேன். அவன் எரிவில் துடிப்பதை என்னால் தாங்க முடியாது. இழுப்புக் குளிசைக்குப் பதிலாகக் கல்சியம் போட்டேன். இரண்டும் வெள்ளை, இரண்டும் சின்னது. பாமசியில் நின்றவன் கண்ணுக்குத்தான் வித்தியாசம் தெரியும். பையில் அவன் பெயரை நீல மையில் எழுதினேன். கலியாணப் பரிசாக ஒரு சேர்ட்டும் கொடுத்தேன்.

இழுப்புக் குளிசையைத் திடீரென்று நிறுத்தினால் காய்ச்சல் ஏறும், மனம் தடுமாறும், ஆள் முடிந்துபோகவும் கூடும் என்று சனிக்கிழமைகளில் எல்லோருக்கும் வகுப்பு எடுத்தவன் நான்தான். ஆகவே எனக்குத் தெரியாது என்று எழுத முடியாது. ஆனால் தம்பிராசா அண்ணர் மூன்று நாளில் வந்தவர். நஸ்ரியும் மூன்று நாளில் வருவான் என்று நினைத்தேன். அவனுடைய உண்மையான குளிசைகளை வேறொரு பையில் போட்டு, மேசைமேல் தயாராக வைத்திருந்தேன். அவன் குறை சொன்ன சரிவைக்கூட ஆள் பிடித்துத் திருத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் முடிந்து புல்மோட்டைக்குப் போனவன் வரவில்லை. நான் யோசிக்காமல் விட்டது றஹ்மாவை. கால்கள் உதைக்கத் தொடங்கியபோது அவள் அவற்றைத் தன் மடியில் வைத்து, விடியும்வரை அமுக்கிக்கொண்டு இருந்தாளாம். புதன்கிழமை தொலைபேசியில் அவன்தான் சொன்னான். "இழுப்பு ஆளத் தூக்கி அடிக்கிது அண்ணன். ஆனா பரவால்ல, றஹ்மா புடிச்சிக்கிட்டு இரிக்கிறா." புது மாப்பிள்ளைக்கு நடுக்கம் இருக்கத்தானே செய்யும் என்று நான் பகிடி விட்டேன். இங்கே ஒருக்கா வந்துவிட்டுப் போ என்றும் சொன்னேன். வந்தால் சனிக்கிழமை வருகிறேன் என்றான்.

வியாழக்கிழமை காய்ச்சல். இங்கேதான் எங்கள் ஆக்கள் எல்லோரும் விடுகிற ஒரு பிழை இருக்கிறது, ஐயா. முள்ளந்தண்டு உடைந்தவனுக்குக் காய்ச்சல் வந்தால் அது யூரின் கிருமி. குளிர்ந்தாலும் யூரின், நடுங்கினாலும் யூரின். குழாய் போட்டுச் சலம் எடுக்கிறவர்களுக்கு அது அடிக்கடி வருவதால், வேறு எதையும் யோசிக்கவே மாட்டோம். பார்லித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு வீட்டிலேயே கிடப்போம். நஸ்ரியும் தொலைபேசியில் அதையே சொன்னான். "யூரின்தான் அண்ணன், என்ன?" என்று கேட்டான்.

"ஓம், யூரின்தான். பார்லி குடி," என்றேன்.

வெள்ளிக்கிழமை றஹ்மா தொலைபேசி எடுத்தாள். "அண்ணன், இவரு இல்லாத ஆக்களோட எல்லாம் கதைக்கிறாரு. ஒடம்பு கொதிக்கிது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகட்டா?" என்று கேட்டாள். ஒரு நல்ல கேள்வி. அந்தப் பிள்ளை ஒரே ஒருவரிடம்தான் அதைக் கேட்டாள், ஏனென்றால் குளிசை விஷயத்தில் அண்ணன் சொல்வதைத்தான் கேட்க வேண்டும் என்று நஸ்ரி சொல்லி வைத்திருந்தான். காய்ச்சலில் புலம்புவது சகஜம், நாளைக்கு ஒரு வான் பிடித்து என்னிடம் கொண்டு வாருங்கள், நான் பார்க்கிறேன் என்று சொன்னேன். நாளைக்குச் சனிக்கிழமைதானே.

ஞாயிற்றுக்கிழமை சுபஹுத் தொழுகைக்கு முன் அவன் மௌத்தாகிவிட்டான். கடைசி நேரத்தில் கொண்டுபோன ஆஸ்பத்திரியிலும் முதலில் யூரின் கிருமி என்றுதான் நினைத்தார்களாம். மிச்சக் குளிசைகளை றஹ்மா எனக்குத் திருப்பித் தர எடுத்து வைத்திருந்தாள். எங்கள் வழக்கத்தை அவள் மதித்தாள், மற்றவர்களுக்கு உதவும் என்று நினைத்தாள். ஆஸ்பத்திரியில் மரணக் கடதாசி எடுக்கப் போனபோது அந்தப் பை அவள் கையில் இருந்திருக்கிறது. மருந்து கொடுக்கிற இடத்தில் நின்ற ஒருவர் அதை வாங்கிப் பார்த்தாராம். நல்ல கண் உள்ளவர். அப்படித்தான் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள்.

உங்களிடமுள்ள தொலைபேசித் தாளில் சனிக்கிழமை மத்தியானம் நான்கு நிமிடம் என்று ஓர் அழைப்பு இருக்கிறது. அது றஹ்மா இல்லை, நஸ்ரி. வான் கேட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை என்றான். நாக்குக் குழறியது. இடையில் இரண்டு முறை என்னை வாப்பா என்றான். அவனுடைய வாப்பா காலமாகி ஏழு வருடம். ஒரு முறை மட்டும், பழைய குரலில், "அண்ணன், ஒங்கட இருமல் எப்பிடி?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தான். பை மேசைமேல் என் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. அதில் இருப்பது மருந்து, உன்னிடம் இருப்பது மருந்தில்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்ல ஒரு நிமிடம்கூட எடுத்திருக்காது. சொன்னால் அவன் உயிரோடு இருப்பான், ஆனால் பிறகு என்னிடம் வரமாட்டான். அதனால் சொல்லவில்லை.

"அண்ணன், இழுப்பு நிக்கிதே இல்ல. குளிசைய இன்னம் ரெண்டு கூடப் போடட்டா?" என்று கேட்டான்.

"போடு," என்றேன்.

"கூடிப்போனா ஒண்டும் செய்யாதே?"

ஒன்றும் செய்யாது என்று சொன்னேன். அது பொய்யில்லை, இராகுலன் ஐயா. கல்சியம் எலும்புக்கு நல்லது. அந்தப் பிள்ளைக்குக் கெடுதலான எதையும் நான் ஒருநாளும் கொடுத்ததில்லை.